கணக்கேடு யார் கையில்?

மலையகத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகளிற் காணக்கிடையாத பொருளொன்று வழங்குகின்றது. ஒரு நாள் வேலையை முடித்து, அந்நாளுக்குரிய முழுக் கூலிக்கு உரித்தாவதே 'பேர்'. நிறுவையிலே குறித்த அளவுக்குக் கொழுந்து நிறையாவிட்டால், 'அரைப்பேர் போட்டுவிட்டார்கள்' என்று முணுமுணுத்துக்கொண்டு பெண்கள் லயத்துக்குத் திரும்புவர். தாய் தந்தையர் இட்ட பெயரைப் பற்றிய பேச்சன்று இது. செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டிலே பிறரொருவர் இடும் குறியைப் பற்றியது. தமிழ் கற்பிக்கும் எனக்கு இச்சொல் நெடுநாளாகவே ஒரு பாடமாக இருந்து வருகின்றது. மலையகத் தொழிலாளரின் பொருளாதார வரலாறு முழுவதும் இவ்வொரு சொல்லிலே சுருங்கிக் கிடக்கின்றது எனலாம். தம் கணக்கைப் பிறர் எழுத, அதனை ஏற்று வாழ்ந்த மக்களின் வரலாறு அது.

இலாப நோக்கற்ற சங்கங்களும் பொது நிறுவனங்களும் ஓர் ஊரின் பொருளாதாரத்துக்கு என்ன செய்கின்றன என்ற கேள்வி இக்காலத்தில் அடிக்கடி எழுகின்றது. எத்தனை இலட்சம் செலவாயிற்று, எத்தனை தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன என்று எண்ணிக் காட்டுவோர் பலர். அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா ஆகிய பகுதிகளின் நிலைமையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியனாக இருந்து பார்த்து வரும் நான், அக்கேள்வியைச் சிறிது மாற்றிக் கேட்க விரும்புகின்றேன்: அவை வந்த பின்னர்க் கணக்கேடு யார் கைக்கு மாறிற்று?

கடனோடு வந்த வாழ்வு

இக்கேள்வியின் பொருள் விளங்க வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய இடங்களிலிருந்து முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதன் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய வழிச் செலவையும் முற்பணத்தையும் கங்காணி கொடுத்தான். ஆகவே, மலையேறி முதற் கொழுந்தைக் கிள்ளுமுன்னரே ஒவ்வொருவர் தலைமீதும் கடன் ஏறிவிட்டது. அக்கடன் எவ்வளவு என்பது கங்காணியின் ஏட்டுக்கே தெரியும். எழுத்தறியாத் தொழிலாளிக்குத் தெரியாது.

பின்னர்த் 'துண்டு' முறை வந்தது. ஒரு தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவர் உளராயின் அவரை விடுவிக்கலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. அது கைமாறும்போது கடனும் கைமாறிற்று. கடனோடு மனிதரும் கைமாறினர். 1921 இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் துண்டை ஒழித்ததேயன்றி, கடனிலே வாழும் பழக்கத்தை ஒழித்துவிடவில்லை. தீபாவளிப் பண்டிகைக்கே முற்பணம் வாங்கி, அடுத்து வரும் மாதங்களிலே அது சிறுகச் சிறுகச் சம்பளத்திற் கழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. புத்தாடை கிழியுமுன் கடன் தீர்ந்தாற் போதும் என்று அவர்கள் நகைச்சுவையாகச் சொல்வர். அந்நகைச்சுவையிற் சிரிப்பு மிகுதியாக இல்லை.

இவ்விடத்திலே கோ. நடேசையரை நினைத்தல் தகும். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி, அட்டனிலே நிலைகொண்டு உழைத்த அப்பெரியாரைத் தொழிற்சங்க முன்னோடி என்று யாவரும் அறிவர். அவர் தஞ்சையிலே ஆசிரியராயிருந்து 'வர்த்தகமித்திரன்' என்னும் இதழை நடத்தியவர் என்பதும், கணக்குப் பதிவு பற்றித் தமிழிலே நூல் எழுதியவர் என்பதும் பலர் அறியாத செய்தி. கணக்கெழுதக் கற்பித்த ஒருவரே கணக்கறியா மக்களின் தலைவராய் வந்தமை பொருத்தமேயாகும். புடவை விற்பவர்போல் வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து அவர் கண்ட துன்பங்களுள், பசியும் பிணியும் மட்டுமன்றி, கேள்வி கேட்க முடியாத கடன் கணக்கும் ஒன்றாய் இருந்தது.

மக்கள் தாமே கண்ட சங்கங்கள்

வெளியிலிருந்து எந்த நிறுவனமும் வருமுன்னரே தோட்ட மக்கள் தமக்கெனப் பொதுப் பணத்தை உண்டாக்கினர். மாரியம்மன் திருவிழாவுக்கான வரிப்பணம் அதன் முதல் வடிவம். பெண்கள் தமக்குள் நடத்தும் சீட்டு மற்றொன்று. இவை யாவற்றினும் உறுதியாய் நின்றது மரண உதவிச் சங்கம். 'இலாப நோக்கற்ற நிறுவனம்' என்ற தொடர் நம் காதில் விழுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அப்பெயருக்கு முழுதும் தகுந்த அமைப்பாக அது லயங்களுக்கிடையே வாழ்ந்து வருகின்றது.

அதன் பொருளாதாரத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 150 குடும்பங்கள் உள்ள ஒரு தோட்டப் பிரிவிலே, குடும்பத்துக்கு மாதம் 100 ரூபா சந்தா என்று வைத்துக்கொள்வோம். மாத வரவு 15,000. ஆண்டு வரவு 1,80,000. இழவு நேர்ந்த வீட்டுக்கு உடனே ஒரு தொகை போகும். எஞ்சிய பணத்திலே கூடாரம், கதிரை, பெரிய பாத்திரம் ஆகியவற்றைச் சங்கம் வாங்கி வைக்கும். துக்க வீட்டுக்கு அவை இலவசம். கலியாண வீட்டுக்கு வாடகைக்கு. வாடகை மீண்டும் சங்கத்தில் சேரும். இவ்வாறு துக்கத்துக்கென வைத்த பணம் மங்கலத்தாலும் வளர்கின்றது.

இச்சங்கம் இல்லாதவிடத்து நடப்பது யாது? இழவு வீட்டார் அன்றிரவே கடன் தேடுவர். கைவளையோ தோடோ அடகு கடைக்குப் போகும். நூற்றுக்குப் பத்து என மாத வட்டி ஏறும். 10,000 ரூபாவுக்கு மாதம் 1,000 ரூபா. பத்தே மாதத்தில் வட்டியாகவே முதலளவு பணம் போய்விடும். முதல் அப்படியே நிற்கும். ஆகவே, மரண உதவிச் சங்கம் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும், அது தடுத்துவிடும் கடனே பெரிது. ஓர் ஊரின் பொருளாதாரத்திலே இலாப நோக்கற்ற அமைப்பின் முதற் பயன் இதுவேயாம். தேயிலையின் வருவாய் புகைவண்டியிலும் லொறியிலும் ஏறி மலையிறங்கிப் போகின்றது. எஞ்சும் கூலியும் வட்டியாய்ப் போய்விடாமற் காத்து, ஊருக்குள்ளேயே சில முறை சுழலச் செய்வது சங்கம்.

அதற்கும் மேலான பயன் ஒன்று உண்டு. அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் சங்க ஆண்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை என்னை அழைத்திருந்தனர். பிள்ளைக் காம்பராவிலே கூட்டம். செயலாளராயிருந்தவர் கொழுந்து பறிக்கும் ஓர் இளம்பெண். என்னிடம் சாதாரண தரம் வரை தமிழ் படித்தவர். கொப்பியைப் பார்த்து வரவு செலவை நிதானமாக வாசித்தார். முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர், "அந்த முந்நூத்து நாப்பது ரூவா என்னாச்சும்மா?" என்று கேட்டார். "கூடாரக் கம்பி ஒடைஞ்சு போச்சு, ஒட்ட வச்சோம் தாத்தா. இந்தா பில்லு" என்று அப்பெண் தாளை நீட்டினார். முதியவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆயினும் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்து வாசிப்பித்து, பின்னரே தலையசைத்தார். அவர் ஆயுள் முழுவதும் செக்ரோலிலே கழிவுகளைக் கண்டவர். 340 ரூபாவுக்கு விளக்கம் கேட்கவும் பெறவும் அவருக்கு இடமளித்தது இச்சங்கம் ஒன்றே.

வெளியிலிருந்து வந்த உதவி

இனி, வெளியிலிருந்து வந்த நிறுவனங்களைப் பார்ப்போம். அவை ஏன் தேவைப்பட்டன என்பதற்குச் சட்டத்திலேயே விடையுண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. எஞ்சியோர் பிரச்சினைக்குச் சட்டத் தீர்வு 2003 இலேயே முழுமையாகக் கிட்டிற்று. இதனிடையே, 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாய் இருந்தது. வாக்களிக்கலாம், தாம் வாக்களித்த சபை தம் வாயிற் பாதையைச் செப்பனிட முடியாது! 2018 இற் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று.

அரசும் உள்ளூராட்சியும் நுழையாத இவ்வெற்றிடத்திலே பொது நிறுவனங்கள் நுழைந்தன. 1972 இல் அருட்டந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியிலே சத்தியோதய நிலையத்தை நிறுவினார். தோட்டத் தமிழரும் அயற்கிராமச் சிங்களவரும் ஒருவரையொருவர் அறிந்து வாழ வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1973, 74 ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களிற் பசியால் மாந்தர் மடிந்த கொடுமை நேர்ந்தது. அக்காலத்தில், 1974 இல், பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் தோன்றி, தோட்டங்களின் நிலையை உலகறியச் செய்தது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம், கம்பளைக்கு அண்மையிலே தொழிலாளர் பயன்படுத்திய பொருள்களையும் ஆவணங்களையும் சேர்த்து ஓர் அரும்பொருட்காட்சியகம் அமைத்துள்ளது. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியபோது, அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்த ஒரு நிதியம் உண்டாயிற்று. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என இன்று வழங்கும் அது, வீடு, குடிநீர், மலசலகூடம், சிறுவர் நிலையம் ஆகிய துறைகளிற் பணிபுரிந்து வருகின்றது.

இவற்றின் பயனைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று. குழாய்நீர் லயத்து வாயிலுக்கு வந்தால் ஒரு தாய்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் மிஞ்சுகின்றது. நல்ல பிள்ளைக் காம்பரா இருந்தால் அவளுக்கு மலையிலே பேர் தவறுவதில்லை. முன்பள்ளி ஆசிரியையாகவும் கள உத்தியோகத்தராகவும் தோட்டத்து இளைஞர் வேலை பெறுகின்றனர். அவர்தம் சம்பளம் உள்ளூர்க் கடைக்கும் உள்ளூர் மேசனுக்கும் போய்ச் சேருகின்றது. இத்தனையும் நடந்த பின்னரும், 2019 இல் அரசாங்கம் நடத்திய குடும்ப வருமான செலவு ஆய்வின்படி, நாடு முழுவதிலும் வறியோர் நூற்றுக்கு 14.3 ஆக இருக்க, தோட்டத் துறையிலோ 33.8 ஆக இருந்தனர். மூவரில் ஒருவர் வறியவர் என்பது இதன் பொருள். கூலி உயராமலும் காணி உரிமை கிட்டாமலும் இருக்க, நிறுவனங்கள் மாத்திரமே வறுமையை ஒழித்துவிடும் என்று எதிர்பார்த்தல் தகாது. கூலியும் காணியும் அரசும் கம்பனிகளும் தீர்க்க வேண்டியவை. நிறுவனத்தைக் காட்டி அவர்கள் தப்பித்துக்கொள்ளவும் கூடாது.

ஈகையும் ஒப்புரவும்

ஆயினும் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தோட்டப் பிரிவிலே வெளியமைப்பொன்று மூன்றாண்டுத் திட்டத்தோடு வந்தது. அதன் பெயரை இங்குக் கூறுதல் வேண்டா. பெயர்ப்பலகை நட்டது; தையல் வகுப்பு நடந்தது; படங்கள் எடுக்கப்பட்டன. நான்காம் ஆண்டிலே இயந்திரங்கள் துணியால் மூடப்பட்டுக் கிடந்தன. பலகை மட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றது. பணம் திருடப்படவில்லை. கணக்கு ஒழுங்காகவே எழுதப்பட்டது. ஆனால் அக்கணக்கு ஆங்கிலத்திலே எழுதப்பட்டுக் கடல் கடந்து நன்கொடையாளருக்குப் போயிற்று. தைத்த பெண்கள் அதனைக் கண்டதில்லை. துணி எங்கே மலிவாகக் கிடைக்கும், தைத்ததை எவர் வாங்குவார், இயந்திரம் பழுதானால் எவ்வளவு செலவாகும் என்பன அப்பெண்களுக்குத் தெரியாமலே திட்டம் முடிந்தது. செக்ரோலைப் போலவே இதுவும் பிறர் எழுதிய கணக்காயிற்று.

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும், ஈகை என்று அடுத்த அதிகாரமும் வகுத்தமை தமிழ் கற்றோர் அறிந்ததே. இவ்விரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டியதில்லை. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. அங்கே கொடுப்பவர் கை மேலும், வாங்குபவர் கை கீழுமாய் இருக்கும். ஒப்புரவுக்கோ ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், மருந்து மரமும் உவமையாய் வருகின்றன. ஊருணியில் நீர் மொள்பவர் எவர்முன்னும் கைகட்டி நிற்பதில்லை. நம் மலையக மக்களின் முன்னோர் ஊருணிகள் நிறைந்த இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் வாழ்ந்தவர்கள். கோடையில் ஊரார் கூடித் தூர் வாராவிடின் மழைக்காலத்திலே ஊருணி நிறையாது என்பதை அவர்கள் அறிவர். ஊருணிக்கு உரியவரே அதைக் காப்பவரும் ஆவர். பொது நிறுவனம் ஈகையாய்த் தொடங்கலாம். பசித்தவனுக்கு முதலில் வேண்டுவது சோறு. ஆனால் அது ஒப்புரவாய் முடிதல் வேண்டும். தூர் வாரும் பொறுப்பும் கணக்கும் ஊரார் கைக்கு வந்த நாளே அது முடிந்த நாள்.

உதவி போல வரும் கடன்

இவ்வேறுபாட்டை அறியாமையால் நேரும் கேட்டையும் கூறாதிருத்தல் முடியாது. நுண்கடன் என்ற பெயரிலே இலாபக் கம்பனிகள் பல, தொண்டு நிறுவனங்களின் சொற்களையே பேசிக்கொண்டு கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்தன. 'பெண்களின் முன்னேற்றம்', 'குழு', 'சுயதொழில்' என்பன அவர்தம் சொற்கள். ஒருத்தி தவணை தவறினால் குழுவிலுள்ள ஏனையோர் கட்ட வேண்டும் என்பது அவர்தம் விதி. சீட்டிலே பெண்களை ஒன்றுசேர்த்த நம்பிக்கையையே இவ்விதி பிணையாக எடுத்துக்கொண்டு, ஒருத்தியை மற்றொருத்தியின் வாசலிலே கடன்காரியாக நிறுத்திற்று. 2016 இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தும் துன்பம் தீரவில்லை. 2021 இல் பொலனறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே சிங்களப் பெண்கள் இக்கடன்களை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தனர். மொழி வேறாயினும் துன்பம் ஒன்றே. கங்காணியின் ஏடு தோற்பையிலிருந்து கைப்பேசிக்கு மாறியிருக்கின்றது என்று சொன்னாலும் தவறாகாது.

உண்மையான சங்கத்தையும் இதனையும் வேறுபடுத்தி அறிய எளிய வழி ஒன்று உண்டு. வட்டி எங்கே போகின்றது என்று கேளுங்கள். சங்கத்திலே, ஒருத்தி செலுத்தும் வட்டி அடுத்தவளுக்குக் கடனாகத் திரும்பி வருகின்றது. மற்றையதிலே, அது மலையிறங்கிப் போய்விடுகின்றது.

ஆசிரியர் செய்யத்தக்கது

இக்கட்டுரையை வாசிப்போரிற் பலர் ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இருப்பர். பொருளாதாரம் நமது துறையன்று என்று அவர்கள் விலகுதல் கூடாது. கணக்கேடு மக்கள் கைக்கு வர வேண்டுமாயின், அதை எழுதவும் வாசிக்கவும் கற்பிப்பவர் யார்? பத்தாம் வகுப்பிலே இல்லாத வணிகர் ஒருவரின் இலாப நட்டத்தைக் கணக்கிடச் சொல்லும் நாம், மாணவரின் சொந்தத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் வரவு செலவைக் கணக்கிடச் சொல்லலாம். தமிழ்ப் பாடத்திலே கற்பனைக் கடிதங்கள் எழுதுவிப்பதோடு நில்லாமல், கூட்ட அறிக்கை எழுதவும், பிரதேச சபைக்குப் பாதை கேட்டு விண்ணப்பம் எழுதவும் பழக்கலாம். 2018 இற்குப் பின்னர் அவ்விண்ணப்பத்தைச் சட்டம் தடுப்பதில்லை; எழுதத் தெரியாமை மட்டுமே தடுக்கின்றது.

தொண்டு நிறுவனங்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் ஆண்டறிக்கையை நன்கொடையாளருக்கு அனுப்புமுன், தோட்டத்துக் கோயில் முன்றிலிலோ பிள்ளைக் காம்பராவிலோ தமிழிலே ஒருமுறை வாசியுங்கள். வாகனத்துக்கு எவ்வளவு, உத்தியோகத்தர் சம்பளம் எவ்வளவு, மக்கள் கைக்கு வந்தது எவ்வளவு என்று மறையாமற் கூறுங்கள். கேள்விகள் எழும், சில கேள்விகள் கசக்கவும் செய்யும். எழட்டும். 340 ரூபாவுக்குக் கணக்குக் கேட்கத் துணிந்த மக்கள், நாளை தம் கூலிக்கும் கணக்குக் கேட்பர். தம் காணிக்கும் கேட்பர். அந்தத் துணிவை வளர்ப்பதற்கு அயல்நாட்டுப் பணம் வேண்டியதில்லை. மாதம் ஒருநாள் பள்ளி விட்டதும் சங்கத்துக்குப் போய், கூலி வாங்காது, கொப்பியிலே கோடு கிழித்து வரவு இது, செலவு இது என்று காட்டிக் கொடுக்கும் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இருந்தாற் போதும்.